மடுவத்துத் தராசும் ஸ்டோர் தராசும்

(ஹட்டனில் நடந்த தோட்டக் கமிட்டிகளின் கூட்டத்தில் எங்கள் மகளிர் குழு ஆற்றிய உரை)



எங்களுக்கு மேடைப் பேச்சு பழக்கமில்லை. ஆறு பேர் உட்கார்ந்து பேசி எழுதியதை ஒருவர் வாசிக்கிறோம். அந்த ஆறு பேரில் நான்கு பேர் கொழுந்து பறிப்பவர்கள். ஒருவர் ஸ்டோரில் வேலை செய்து ஓய்வு பெற்றவர். இன்னொருவர் உயர்தரம் படித்துவிட்டு வேலை தேடிக்கொண்டிருக்கும் பிள்ளை. கணக்கெல்லாம் அந்தப் பிள்ளையுடையது. அதில் பிழை இருந்தால் ஆறு பேரையும் திட்டுங்கள்.

போன தடவை இதே மண்டபத்தில் கிலோக் கணக்கைப் பற்றிப் பேச்சு வந்தது ஞாபகம் இருக்கும். மடுவத்தில் நிறுக்கும்போது கிலோ குறைகிறது என்று நாங்கள் சொன்னோம். "தண்ணி இருக்கும், சாக்கு பாரம் இருக்கும், முத்தல் இலை இருக்கும், அதைக் கழிக்கத்தானே வேணும்" என்று எங்கள் ஆட்களிலேயே ஒருவர் எழுந்து சொன்னார். எங்களால் பதில் சொல்ல முடியவில்லை. காரணம், கொழுந்து லொறியில் ஏறிய பிறகு அதற்கு என்ன நடக்கிறது என்று எங்களுக்குத் தெரியாது. எங்களில் மூத்தவர் முப்பத்தோரு வருஷம் பறித்தவர். ஸ்டோர் வாசல் வரை மாதாமாதம் தேயிலைத் தூள் வாங்கப் போயிருக்கிறார். உள்ளே போனதில்லை.

இது வேடிக்கையான விஷயம். நுவரெலியா வீதியில் லபுக்கலையிலும் பீட்ருவிலும் பாருங்கள், எந்தெந்த நாட்டிலிருந்தோ வருகிறவர்கள் ஸ்டோருக்குள் போய், எல்லாவற்றையும் கேட்டு, தேத்தண்ணி குடித்து, படம் பிடித்துக்கொண்டு போகிறார்கள். மேலே மலையில் கூடை சுமக்கிற நம்மையும் படம் பிடிக்கிறார்கள். அந்தக் கூடையில் போன கொழுந்து என்ன ஆனது என்று அவர்களுக்குத் தெரியும். நமக்குத் தெரியாது.

அதனால் போய்ப் பார்ப்பது என்று முடிவு செய்தோம். கொழுந்து கூடுகிற ஏப்ரல், மே மாதத்தில்தான் போக வேண்டும் என்றும் முடிவு செய்தோம். கொழுந்து இல்லாத காலத்தில் போனால் எல்லாம் ஒழுங்காகத்தான் இருக்கும். மூன்று தோட்டங்களில் அனுமதி கேட்டோம். இரண்டு இடத்தில் மரியாதையாக முடியாது என்றார்கள். ஒரு துரை சரி என்றார். அவருக்கு எங்கள் நன்றி. பெயரைச் சொன்னால் அவருக்குத்தான் கஷ்டம்.

அதற்கு முன்னால் ஒரு ஞாயிற்றுக்கிழமை வேன் பிடித்து ஹேவாஹெட்டப் பக்கம் லூல்கந்துர தோட்டத்துக்குப் போனோம். 1867இல் ஜேம்ஸ் டெய்லர் 19 ஏக்கரில் தேயிலை போட்ட இடம். கோப்பிக் காலம் முடியப் போகிறது என்று யாரும் நம்பாத நேரத்தில் போட்டது. முதலில் ஸ்டோர் எல்லாம் கிடையாது. பங்களா விறாந்தையில் மேசை போட்டு இலையைக் கையால் உருட்டினார்கள். களிமண் அடுப்பில் கரி போட்டுக் காயவைத்தார்கள். உருட்டிய கைகள் யாருடையவை என்று நாங்கள் சொல்லத் தேவையில்லை. 1873இல் லண்டனுக்குப் போன முதல் தேயிலை 23 றாத்தல் என்று சொல்கிறார்கள். எங்கள் பிள்ளை அங்கேயே கணக்குப் போட்டாள்: 23 றாத்தல் என்றால் பத்தரைக் கிலோவுக்குக் கொஞ்சம் குறைவு. அந்தளவு தூளுக்கு இன்றைய கணக்கில் 48 கிலோ பச்சைக் கொழுந்து போதும். மூன்று பெண்கள் ஒரு நாளில் பறிப்பதை விடக் குறைவு. நூற்றைம்பது வருஷமாகப் பெருமையாகச் சொல்லப்படும் அந்த முதல் பெட்டி, நம் மூன்று பேருடைய ஒரு நாள் வேலை.

அதே ஹேவாஹெட்டப் பக்கத்தில்தான் முல்லோயாவும் இருக்கிறது. 1940 ஜனவரி 10ஆம் திகதி சம்பளம் கேட்டு வேலை நிறுத்தம் செய்த நேரத்தில் கோவிந்தன் சுடப்பட்ட இடம். டெய்லருக்கு அந்தப் பக்கத்தில் நினைவுச் சின்னங்கள் நிறைய இருக்கின்றன. இதை இத்தோடு விடுகிறோம், சொல்ல வந்தது ஸ்டோரைப் பற்றி.

ஸ்டோருக்கு நாங்கள் காலையில் போகவில்லை. கொழுந்துக்குப் பின்னாலேயே போனோம். பின்னேர நிறுவை முடிந்து மடுவத்திலிருந்து லொறி கிளம்பியது. நாங்கள் குறுக்குப் பாதையில் இறங்கி, லொறி வருவதற்குள் ஸ்டோர் முற்றத்தில் நின்றோம். உண்மையில் லொறி பிந்தி வந்தது. ஏன் என்று கேட்டால், கொழுந்துக் காலத்தில் ஒரே லொறி மூன்று டிவிஷனுக்கு ஓட வேண்டுமாம். சாக்குகள் இறங்கின. இறங்கிய உடனே மாடிக்கு ஏறும் என்று நினைத்தோம். இல்லை. முதலில் இன்னொரு தராசில் ஏறின.

எங்கள் மூத்தவர் சத்தமாகவே சொல்லிவிட்டார்: "அடியாத்தி, இங்கேயும் ஒரு தராசா?"

ஆமாம், அங்கேயும் ஒரு தராசு. ஒவ்வொரு டிவிஷனிலிருந்தும் வந்த கொழுந்து எத்தனை கிலோ என்று அங்கே மறுபடி நிறுத்து, ஸ்டோர்ப் புத்தகத்தில் எழுதுகிறார்கள். அது நல்ல வழக்கம்தான். வழியில் எவ்வளவு குறைந்தது, எவ்வளவு கொழுந்துக்கு எவ்வளவு தூள் வந்தது என்று அறிய அது வேண்டும். ஆனால் ஒரே கொழுந்துக்கு இரண்டு நிறுவை இருக்கிறது, இரண்டு புத்தகம் இருக்கிறது என்று எங்களுக்கு அன்றைக்குத்தான் தெரியும். எங்களுடன் வந்த ஓய்வு பெற்ற ஸ்டோர்க்கார அக்காவுக்குத் தெரிந்துதான் இருந்தது. ஏன் சொல்லவில்லை என்று கேட்டோம். "நீங்க யாரும் கேக்கலியே" என்றார்.

டீமேக்கர் நல்ல மனிதர், பொறுமையாகச் சொன்னார். மேல் மாடியில் நீள நீளமான தொட்டிகள். அடியில் கம்பி வலை. ஒரு முனையில் பெரிய விசிறி. கொழுந்தை வலையில் பரப்பிவிட்டு, அடியிலிருந்து காற்று விடுகிறார்கள். தண்ணீர் அதிகமென்றால் சூடான காற்று. பறித்த கொழுந்தில் நூற்றுக்கு எழுபத்தைந்து பங்குக்கு மேல் தண்ணீர்தான். அதில் ஒரு பகுதி போய், இலை பழைய துணி மாதிரித் துவள வேண்டும். கையில் பிடித்து அமுக்கினால் உருண்டையாக நிற்க வேண்டும். உடையக்கூடாது. அதற்குப் பன்னிரண்டு மணி நேரத்திலிருந்து பதினெட்டு மணி நேரம் வரை ஆகும். இதைத்தான் வாட்டுவது என்கிறார்கள்.

இங்கேதான் எங்கள் வாய் அடைத்தது. மழையில் பறித்த கொழுந்துச் சாக்கு ஒன்றை அவர் எங்கள் முன்னால் கொட்டினார். தரை நனைந்தது. "இந்தத் தண்ணிய நான் கரண்டு குடுத்து, விறகு குடுத்து ஓட்டணும். இதுக்கும் கிலோக் காசு குடுத்தா தோட்டம் எப்படி ஓடும்?" என்று கேட்டார். நியாயமான கேள்வி. இலை மேல் நிற்கும் மழைத் தண்ணீருக்குக் கழிவு போடக்கூடாது என்று நாங்கள் இனிச் சொல்ல மாட்டோம். இந்தக் கூட்டத்தில் சிலருக்கு இது பிடிக்காது. ஆனால் பார்த்ததைப் பார்த்தபடி சொல்லத்தான் வந்தோம்.

அடுத்ததாக அவர் இன்னொரு சாக்கைக் காட்டினார். கையை விட்டுப் பார்க்கச் சொன்னார். உள்ளே சுட்டது, அடுப்பங்கரைச் சாம்பல் மாதிரி. நடுவில் இருந்த கொழுந்து செம்புக் கலரில் சிவந்திருந்தது. அமுக்கி அடைத்து, வெயிலில் மணிக்கணக்காக லொறிக்குக் காத்திருந்தால் இப்படி ஆகுமாம். பறித்த பிறகும் இலை மூச்சு விடும், நெருக்கினால் புழுங்கும், புழுங்கினால் வெந்துவிடும். அந்தச் சிவந்த இலையில் நல்ல தூள் வராது. "பறிக்கிறவங்க அமுக்கிக் கட்டுறாங்க" என்றார் டீமேக்கர். நாங்கள் ஒத்துக்கொண்டோம், அமுக்கித்தான் கட்டுகிறோம். ஆனால் லொறி பிந்தியதை நாங்களும் அவரும் ஒரே முற்றத்தில் நின்றுதான் பார்த்தோம். அவர் அதற்குப் பதில் சொல்லவில்லை. தோட்டத்தில் "கெட்ட கொழுந்து" என்று நம் பெயரில் எழுதப்படுவதில் எவ்வளவு நம் கையால் கெட்டது, எவ்வளவு லொறியால் கெட்டது என்று யாரும் பிரித்து எழுதுவதில்லை.

இராத்திரி அங்கேயே தங்க விட்டார்கள். அதிகாலை மூன்று மணிக்கு உருட்டும் யந்திரங்கள் ஓடத் தொடங்கின. பெரிய பித்தளைத் தட்டின் மேல் ஒரு பெட்டி சுற்றிச் சுற்றி வருகிறது. அதற்குள் வாடிய இலை நசுங்கி, முறுகி, சாறு வெளியே வருகிறது. வெளியே வந்ததைச் சலித்து, பெரிய இலையை மறுபடி உருட்டப் போடுகிறார்கள். உருட்டியதைப் பரப்பி வைக்கிறார்கள். பச்சை மெல்ல மெல்லச் செம்பாகிறது. அந்த மணத்தை எப்படிச் சொல்வது? பழம் பழுத்த வாசம் மாதிரியும் இருக்கிறது, மழை விட்ட பிறகு மலையில் வரும் வாசம் மாதிரியும் இருக்கிறது. எங்களில் ஒருவர் அழுதுவிட்டார். ஏன் அழுதாய் என்று கேட்டால் தெரியவில்லை என்கிறார். இத்தனை வருஷமாகக் கையில் பிசினும் கறையும் மட்டும்தான் மிஞ்சியது, இந்த வாசம் இதற்குள் இருந்தது தெரியாது என்று பிறகு சொன்னார்.

அதன் பிறகு அடுப்பு. 90 பாகைக்கு மேல் சூட்டில் இருபது நிமிஷம் அளவில் காய்ந்து, கறுப்புத் தூளாகக் கொட்டுகிறது. நூற்றுக்கு மூன்று பங்கு ஈரம் மட்டும் மிஞ்சும். பிறகு சல்லடைகள், தண்டு பிரிக்கும் யந்திரம், பீ.ஓ.பீ., பீ.ஓ.பீ.எஃப்., பெக்கோ, டஸ்ட் என்று ரகம் ரகமாகக் கடதாசிச் சாக்கில் கட்டி, கொழும்பு ஏலத்துக்கு. 1883இலிருந்து நடக்கும் ஏலம் அது. சல்லடை அறையில் வேலை செய்யும் பெண்களின் புருவமெல்லாம் தூள். முகத்துக்குத் துணி கட்டியிருந்தார்கள், அதுவும் சொந்தத் துணி. அதைப் பற்றித் தனியாகக் கடிதம் எழுதியிருக்கிறோம்.

ருசி பார்க்கும் அறையில் எங்களுக்கும் ஒரு மடக்கு தந்தார்கள். நாங்கள் வீட்டில் குடிப்பது இது இல்லை. அவ்வளவுதான் சொல்வோம்.

கிளம்பும்போது பிள்ளை டீமேக்கரிடம் கேட்டாள், ஒரு கிலோ தூளுக்கு எத்தனை கிலோ கொழுந்து என்று. சுமார் 4.6 கிலோ என்றார். மழைக் காலத்தில் கூடும், வெயிலில் குறையும். ஸ்டோர்ப் புத்தகத்தைக் காட்ட முடியுமா என்றும் கேட்டாள். சிரித்தார். அது காட்டுவதற்கு இல்லை என்றார்.

புத்தகத்தைக் காட்டாவிட்டால் என்ன, எங்களிடமும் கொப்பி இருக்கிறதே என்று திரும்பி வரும் வழியில் யோசித்தோம். எங்கள் பக்கத்துத் தோட்டம் ஒன்றில், பெயர் வேண்டாம், கொழுந்துக் காலத்தில் பதினான்கு நாள் தொடர்ந்து இரண்டு பெண்கள் ஒரு வேலை செய்தார்கள். ஒருவர் நிறுவையின்போது தராசு முள்ளைப் பார்த்துச் சொல்வார். மற்றவர் தராசு காட்டிய கிலோவையும், கணக்குப்பிள்ளை எழுதிய கிலோவையும் பள்ளிக்கூடக் கொப்பியில் எழுதுவார். கூடவே அன்றைக்கு மழையா, வெயிலா என்றும் எழுதினார்கள்.

பதினான்கு நாளில் ஐந்து நாள் மழை. ஒன்பது நாள் நல்ல வெயில். மழை நாளில் ஒரு நிறுவைக்கு ஒரு கிலோ கழித்தார்கள். வெயில் நாளிலும் ஒரு நிறுவைக்கு ஒரு கிலோ கழித்தார்கள். ஒரு நாள்கூட மாறவில்லை. டீமேக்கர் எங்கள் முன்னால் கொட்டிக் காட்டிய தண்ணீர் வெயில் நாளில் எங்கே இருந்தது? சாக்குப் பாரம் என்றால், வெறும் நைலோன் சாக்கை அதே தராசில் போட்டுப் பார்த்தார்கள். முள் அசைந்தது என்று சொல்லலாம், அவ்வளவுதான். மழைக்கும் வெயிலுக்கும் ஒரே அளவு கழிக்கப்படுவது தண்ணீருக்கான கழிவாக இருக்க முடியாது. இதை நாங்கள் டீமேக்கரின் பாடத்திலிருந்துதான் படித்தோம்.

இந்த ஒரு கிலோ சின்ன விஷயம் என்று நினைக்க வேண்டாம். ஒரு நாளைக்கு மூன்று நிறுவை. இரண்டு நிறுவையில் மட்டும் கழித்தார்கள் என்றே வைத்துக்கொள்வோம், ஒரு நாளைக்கு இரண்டு கிலோ. 2024 செப்டெம்பரில் சம்பள நிர்ணய சபை நாட்கூலியை 1,350 ரூபாவாக்கியபோது, மேலதிக கிலோவுக்கு 50 ரூபா என்றும் வந்தது. கை வேகமுள்ள ஒரு தங்கச்சி நோர்முக்கு மேல் பறிக்கிறாள் என்றால், அவளுக்கு இரண்டு கிலோ நூறு ரூபா. இருபத்தைந்து நாளுக்கு 2,500 ரூபா. கை வேகம் குறைந்த அக்காவுக்கோ இது இன்னும் மோசம். நோர்ம் பதினெட்டு என்றால், பதினெட்டரை பறித்தவளுக்குப் பதினாறரை எழுதப்படுகிறது. சில இடங்களில் அது அரைப் பேர். ஒரு கிலோவில் அரை நாள் போய்விடுகிறது.

அந்தப் பக்கக் கணக்கையும் பாருங்கள். நாற்பது பெண்கள், ஆளுக்கு இரண்டு கிலோ, இருபத்தைந்து நாள். 2,000 கிலோ கொழுந்து. அது யாருடைய பேரிலும் எழுதப்படவில்லை. ஆனால் லொறியில் ஏறியது, ஸ்டோர்த் தராசில் ஏறியது, வாடியது, உருண்டது, காய்ந்தது. 4.6ஆல் பிரித்தால் 430 கிலோவுக்கு மேல் தூள். ஏலத்தில் அது விலை போயிருக்கும். யாரும் பறிக்காத தேயிலை!

இன்னொன்றும் சொல்ல வேண்டும். 1984 வேலை நிறுத்தத்துக்குப் பிறகுதான் ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே நாட்கூலி வந்தது. அது நம் அம்மாமார் வாங்கித் தந்தது. ஆனால் தராசில் நிற்பது பெரும்பாலும் பெண்கள்தான். கவ்வாத்துக்கும் கான் வெட்டுக்கும் யாரும் கிலோ கழிப்பதில்லை. கூலிச் சீட்டில் சமமாக இருப்பது மடுவத்தில் சமமாக இல்லை.

இதையெல்லாம் போன மாதம் ஒரு சின்னக் கூட்டத்தில் சொன்னோம். அங்கே லயத்தில் பிறந்து வளர்ந்து, இப்போது ஆங்கிலம் படிப்பிக்கும் ஒரு சேர் இருந்தார். இங்கிலாந்திலும் இப்படி ஒரு அறுவடை இருந்தது, அங்கேயும் அளவில்தான் சண்டை என்றார். நம்ப முடியவில்லை. உட்கார வைத்து முழுவதும் கேட்டோம்.

ஹொப்ஸ் என்று ஒரு கொடி. பாகற்கொடி மாதிரி உயரக் கட்டிய கம்பியிலும் கயிற்றிலும் ஏறும். அதில் பச்சைக் கலரில் சின்னச் சின்னப் பூங்கொத்துகள், காகிதம் மாதிரி மெல்லிசாக. அதைப் பறித்துக் காயவைத்து பியரில் கசப்புக்குப் போடுவார்கள். இங்கிலாந்தில் கென்ட் என்ற மாவட்டத்தில் ஏக்கர் ஏக்கராகப் போட்டிருந்தார்கள். ஓகஸ்ட் கடைசியிலிருந்து செப்டெம்பர் முழுவதும் அறுவடை. பறிக்க ஆள் எங்கிருந்து? லண்டனின் கிழக்குப் பக்கத்து ஏழைக் குடும்பங்கள். அம்மா, ஆச்சி, பிள்ளைகள் எல்லோரும் சட்டி பானை, படுக்கையோடு தனி ரயிலில் போவார்கள். அவர்களுக்கென்று வரிசையாகச் சின்னக் குடிசைகள், படுக்க வைக்கோல். பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் போய்விடும். இந்த இடத்தில் எங்கள் மூத்தவர் குறுக்கே கேட்டார்: "அவங்க வெள்ளக்காரங்களா?" வெள்ளைக்காரர்கள்தான்.

கூலி நாளுக்கு இல்லை, அளவுக்கு. நிறுப்பதில்லை, நம் ஆட்கள் நெல்லைக் கொத்தில் அளப்பது மாதிரி புஷல் என்ற கூடையால் அளப்பார்கள். இத்தனை புஷலுக்கு ஒரு ஷில்லிங். இங்கேதான் சங்கதி. ஹொப்ஸ் பஞ்சு மாதிரி மெத்தென்று இருக்கும். பொரியைப் படியில் அளப்பதை நினைத்துக்கொள்ளுங்கள். லேசாக அள்ளிப் போட்டால் ஒரு அளவு. கையால் அமுக்கிப் போட்டால், அதே பொரி பாதிப் படிகூட வராது. அளக்கிறவன் கை லேசாக இருந்தால் அன்றைக்குச் சாப்பாடு. கை பாரமாக இருந்தால் இல்லை. ஜோர்ஜ் ஓர்வெல் என்ற எழுத்தாளர் 1931இல் தானும் கூலியாகப் போய்ப் பறித்து, இதை எழுதியிருக்கிறார். அறுவடை முடியும் முன்னே தோட்டத்தை விட்டுப் போனால் கூலி வீதம் குறையும் என்பதும் அதில் வருகிறதாம். நமக்குப் புதிதா அது?

பறித்ததை அன்றைக்கன்றே காயவைக்க வேண்டும், இல்லாவிட்டால் புழுங்கிக் கெட்டுவிடும். அதுவும் நம் கொழுந்து மாதிரியே. உச்சியில் கூம்பு வைத்த உயரமான காய்ச்சல் வீடுகள், அடியில் அடுப்பு, மேல் தட்டில் ஹொப்ஸ், இராத்திரி முழுவதும் காயும். பச்சையில் நூற்றுக்கு எண்பது பங்கு தண்ணீர், காய்ந்த பிறகு பத்து. சேர் வரைந்து காட்டினார், நம் ஸ்டோரின் வாட்டும் மாடிதான், வட்டமாகக் கட்டியிருக்கிறார்கள். அந்த வீட்டுக்காரன் ஒருவன் அடுப்புப் பக்கத்திலேயே படுத்துக்கொண்டு சீசன் முழுவதும் பார்ப்பானாம், நம் டீமேக்கர் மாதிரி.

அந்தப் பெண்கள் என்ன செய்தார்கள் என்பதைத்தான் நாங்கள் முக்கியமாகக் கேட்டோம். அறுவடை தொடங்கும் முதல் நாட்களில், ஒரு ஷில்லிங்குக்கு எத்தனை புஷல் என்று சொன்ன உடனே, அளவு பிடிக்கவில்லை என்றால் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்துவிடுவார்கள். பூ கொடியில் முற்றிக்கொண்டிருக்கும். முதலாளிக்கு நாள் போகப் போக நஷ்டம். பல தடவை அளவை மாற்ற வைத்திருக்கிறார்கள். எல்லாத் தடவையும் இல்லை. அவர்களுக்கும் நமக்கும் ஒரு வித்தியாசம் இருக்கிறது, அதையும் சேர் சொன்னார். செப்டெம்பர் முடிந்தால் அவர்களுக்கு லண்டனில் வீடு இருந்தது. கோபித்துக்கொண்டு ரயிலேறலாம். நாம் வருஷம் முழுவதும் அந்தத் தராசுக்குப் பக்கத்திலேயே குடியிருக்கிறோம், அந்தத் தராசுக்காரர்களின் லயத்தில்.

1950களிலும் 60களிலும் ஹொப்ஸ் பறிக்க யந்திரம் வந்தது. தனி ரயில் நின்றது. குடிசைகள் காலியாகின. நம் மலைகளில் கத்தரியும் கையில் பிடிக்கும் யந்திரமும் வந்துகொண்டிருப்பதைப் பார்க்கும்போது எங்களுக்கு அது ஞாபகம் வந்தது. அதைப் பற்றி இன்னொரு நாள் பேச வேண்டும், இன்றைக்கு நேரம் இல்லை.

இனி நாங்கள் கேட்பது. கழிவே வேண்டாம் என்று கேட்கவில்லை. மழை இல்லாத நாளில் தண்ணீர்க் கழிவு வேண்டாம் என்கிறோம். மழை நாளில் எவ்வளவு கழிப்பது என்பதை, மடுவத்தில் எல்லோர் முன்னாலும் ஒரு சாக்கை உதறி நிறுத்துப் பார்த்து முடிவு செய்யட்டும். தராசு முள் பறித்தவள் பக்கம் பார்த்து இருக்கட்டும். டவுன் கடைத் தராசுக்கு வருஷாவருஷம் அளவீட்டுத் திணைக்களம் முத்திரை குத்துகிறது. அரைக் கிலோ சீனி நிறுக்கும் தராசுக்கு இருக்கும் முத்திரை, நம் கூலியை நிறுக்கும் தராசில் இருக்கிறதா என்று நாளைக்கே போய்ப் பாருங்கள். இல்லையென்றால் கமிட்டிக்கு எழுதித் தாருங்கள். அதோடு, ஒவ்வொரு நாளும் டிவிஷனில் நம் பேருக்கு எழுதிய மொத்தக் கிலோவையும், ஸ்டோரில் இறங்கிய மொத்தக் கிலோவையும் ஒரே பலகையில் பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் போட வேண்டும். வழியில் காய்ந்து கொஞ்சம் குறையலாம், அதற்கு யாரும் சண்டை போட மாட்டோம். ஆனால் வழியில் கொழுந்து கூடினால், எப்படிக் கூடியது என்று கேட்போம்.

நம் பக்கத்திலும் செய்ய வேண்டியது இருக்கிறது, சொன்னால் கோபிக்க வேண்டாம். கூடைக்கு அடியில் முத்தல் இலையும் தண்டும் போட்டு மேலே அரும்பு பரப்புவது எங்களுக்கும் தெரிந்த வித்தைதான். நோர்மைப் பதினெட்டு, இருபது என்று ஏற்றினால் கை அப்படித்தான் போகும், அதையும் துரைமாரிடம் சொல்லியிருக்கிறோம். ஆனால் வாட்டும் தொட்டியில் அந்தத் தண்டு காய்ந்து கட்டையாக நிற்பதைப் பார்த்த பிறகு எங்களால் அதைச் செய்ய முடியவில்லை. சாக்கையும் அமுக்கிக் கட்ட வேண்டாம். சிவந்த கொழுந்துக்கு லொறிதான் காரணம் என்று நாம் அடித்துச் சொல்ல வேண்டுமானால், நம் சாக்கு லேசாக இருக்க வேண்டும்.

கொப்பி எழுதிய அந்த இரண்டு பெண்களையும் கணக்குப்பிள்ளை கூப்பிட்டுக் கேட்டாராம், என்ன எழுதுறீங்க என்று. "பிள்ளைக்குக் கணக்குப் பாடம்" என்றார்களாம். பிறகு சில நாளில் வெயில் நாள் கழிவு அரைக் கிலோவாகக் குறைந்தது. யாரும் கேட்கவில்லை, யாரும் அறிவிக்கவும் இல்லை. கொப்பி இன்னும் எழுதப்பட்டுக்கொண்டுதான் இருக்கிறது.

இந்த மேசையில் நாற்பது கொப்பி வைத்திருக்கிறோம். ஒவ்வொரு பக்கத்திலும் ஆறு கோடு போட்டிருக்கிறது: திகதி, மழையா வெயிலா, எத்தனையாம் நிறுவை, தராசு காட்டியது, எழுதியது, லொறி வந்த நேரம். டிவிஷனுக்கு இரண்டு கொப்பி எடுத்துப் போங்கள். எழுதத் தெரியாதவர்கள் பள்ளிக்கூடப் பிள்ளையிடம் சொல்லி எழுதலாம். அடுத்த கூட்டத்துக்கு வரும்போது கொண்டு வாருங்கள், கூட்டிப் பார்ப்போம். ஸ்டோர் பார்க்க அடுத்த குழு போவதற்கும் பெயர் எடுக்கிறோம். இராத்திரி தங்க வேண்டி வரும், குளிரும், கம்பளி கொண்டு வர வேண்டும். பன்னிரண்டு பேருக்குத்தான் இடம். இதுவரை ஸ்டோருக்குள் போகாதவர்களுக்கு முதலிடம்.